ஏட்டு ஜெர்மனும் வீட்டு ஜெர்மனும்

நுழையும்முன்

மொழி ஒன்றே ஆயினும் அது வாழும் இடங்கள் பல. ஏட்டில் வாழும்போது ஒரு தோற்றமும், வீட்டிலும் வீதியிலும் வாழும்போது வேறு தோற்றமும் கொள்கிறது. பேச்சில் சொற்கள் சுருங்குகின்றன. ஊருக்கு ஊர் ஒலி மாறுகிறது. ஒரே சொல் வெவ்வேறு பொருள் தருகிறது. இம்மாற்றங்களைப் பிழை என்று ஒதுக்குவதா, வழக்கு என்று ஏற்பதா என்னும் வினா எல்லா மொழியினர் முன்னும் நிற்கிறது. ஜெர்மன் மொழியினர் அவ்வினாவை எதிர்கொண்ட வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மருத்துவமனையில் ஒரு சொல்

ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சென்னையில் ஜெர்மன் பயின்று, தேர்வுகளில் தேறி, அங்குப் பணியில் சேர்ந்த தமிழ்ச் செவிலியர் ஒருவர் இரவுப் பணியில் இருக்கிறார். எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் அழைப்புமணியை அழுத்துகிறார். தமக்கு ‘ஃபூஸ்’ வலிக்கிறது என்கிறார். ‘ஃபூஸ்’ என்றால் பாதம் என்பது செவிலியர் முதல் மாதத்திலேயே கற்ற சொல். போர்வையை விலக்கிப் பாதங்களைப் பார்க்கிறார். வீக்கம் இல்லை, காயம் இல்லை. ‘பாதத்தில் வலி, வேறு குறி ஏதும் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். அம்மையாரோ தலையை அசைத்து, அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுகிறார்.

காலையில் பணிக்கு வந்த உள்ளூர்ச் செவிலியர் அம்மையாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நேரே கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்கிறார். வலி அங்கேதான் இருந்தது. ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் வழங்கும் ஸ்வேபிய வழக்கில் ‘ஃபூஸ்’ என்னும் சொல் இடுப்பிலிருந்து விரல் நுனி வரை முழுவதையும் குறிக்கும். நாள்கணக்கில் படுக்கையில் இருப்பவருக்குக் கெண்டைக்காலில் தோன்றும் வலி, குருதி உறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். ஒரு சொல்லின் எல்லை எது என்று அறியாமையால் ஓர் இரவு வீணாயிற்று.

இதில் தவறு யாருடையது? செவிலியர் கற்ற பாடம் சரியானது. அம்மையார் பேசிய சொல்லும் அவருடைய ஊரில் சரியானது. இரண்டு சரிகளுக்கு இடையே உள்ள தொலைவை எவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அத்தொலைவின் கதைதான் ஜெர்மன் மொழியின் கதை.

ஏட்டு மொழி உருவான வரலாறு

எல்லா ஜெர்மானியர்க்கும் பொதுவான ஒரு பேச்சுமொழி தொடக்கத்தில் இருந்ததில்லை. வடக்கே கடலோரச் சமவெளியில் ஒரு வகை, நடுநிலத்தில் ஒரு வகை, ஆல்ப்ஸ் மலையை நோக்கி உயரும் தெற்கில் ஒரு வகை என வழக்குகளே இருந்தன. சமவெளியில் பேசப்பட்டது ‘தாழ் ஜெர்மன்’. உயர்ந்த நிலப்பகுதிகளில் பேசப்பட்டது ‘உயர் ஜெர்மன்’. இவை நில அமைப்பைக் குறித்த பெயர்களே. மதிப்பைக் குறித்தவை அல்ல. பிற்காலத்தில் ‘உயர்’ என்னும் சொல் ‘மேலான’ என்று பொருள் கொள்ளப்பட்டபோதுதான் சிக்கல் தோன்றியது.

மார்ட்டின் லூதர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522ஆம் ஆண்டிலும், முழு விவிலியம் 1534ஆம் ஆண்டிலும் அச்சாயின. சாக்சனி நாட்டு அரசு அலுவலகங்களில் வழங்கிய எழுத்துமொழியை அவர் அடித்தளமாகக் கொண்டார். எனினும் சொற்களைத் தேடுவதற்கு வீட்டிலிருக்கும் தாயையும், தெருவில் விளையாடும் குழந்தைகளையும், சந்தையில் நிற்கும் எளிய மனிதனையும் கவனித்ததாக 1530ஆம் ஆண்டில் எழுதிய மடல் ஒன்றில் குறிப்பிடுகிறார். ஏட்டு ஜெர்மனின் வேரில் பேச்சு ஜெர்மனின் ஈரம் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த நூற்றாண்டுகளில் ஏடு வளர்ந்தது. பள்ளித் தலைமையாசிரியராக இருந்த கொன்ராட் டூடன் 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்தியல் அகராதி எழுத்துமுறைக்கு ஒழுங்கு தந்தது. பல ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒரே மேடையில் ஒரே விதமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகத் தியோடர் சீப்ஸ் என்பவர் 1898ஆம் ஆண்டில் மேடை ஒலிப்பு நூலை வெளியிட்டார். எழுத்துக்கு ஒரு நூல், ஒலிப்புக்கு ஒரு நூல் என இரண்டும் அமைந்தன. ஆயினும் சமையலறையில் பேசுவதற்கு எவரும் நூலைத் திறந்து பார்ப்பதில்லை.

சுருக்கத்திலும் ஓர் ஒழுங்கு

பேச்சு ஜெர்மனைக் கேட்கும் புதியவர்க்கு முதலில் தோன்றுவது, இவர்கள் சொற்களை விழுங்குகிறார்கள் என்னும் எண்ணமே. உற்று நோக்கினால் அந்த விழுங்கலுக்குள் ஒழுங்கு இருப்பது புலப்படும்.

ஜெர்மன் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் வேர்ச்சொல்லின் மீது விழுகிறது. அதனால் சொல்லின் இறுதி அசை மெலிகிறது. ‘ஹாபென்’ என்பது ‘கொண்டிரு’ என்னும் பொருளுடைய வினை. விரைந்து பேசும்போது இறுதியிலுள்ள எகரம் கெடுகிறது. ‘ஹாப்ன்’ என ஆகிறது. இப்போது இதழ்கள் பொருந்தி ஒலிக்கும் பகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது. நா அந்த னகரத்தை இதழொலியாகிய மகரமாகத் திரித்துக்கொள்கிறது, ‘ஹாப்ம்’ ஆகிறது. இறுதியில் பகரமும் மறைந்து ‘ஹாம்’ மட்டும் நிற்கிறது. ‘ஸாகென்’ (சொல்) என்னும் வினையில் னகரத்துக்கு முன் நிற்பது ககரம். ஆகவே அங்கு னகரம் ஙகரமாகத் திரிந்து ‘ஸாக்ங்’ என ஒலிக்கிறது.

‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிந்து ‘மரங்கள்’ ஆவதைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. மெல்லின ஒலி தன் அருகிலுள்ள வல்லினத்தின் பிறப்பிடத்தை நாடிச் செல்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று தமிழிலக்கணம் வகுத்த விகாரங்களுள் திரிதலும் கெடுதலும் ஜெர்மானியரின் அன்றாடப் பேச்சில் நாள்தோறும் நிகழ்கின்றன.

‘விர்’ என்றால் ‘நாம்’. ‘ஹாபென் விர்’ என்னும் தொடர் பெர்லினில் ‘ஹாம்வா’ என்றும் மியூனிக் நகரில் ‘ஹாம்மா’ என்றும் சுருங்குகிறது. தென்பகுதி மக்கள் வழக்கில் இச்சுருக்கம் ஒரு புதிய சொல்லையே ஈன்றது. வினையின் இறுதியிலுள்ள னகரமும் அடுத்துள்ள வகரமும் கலந்து மகரமாயின. ‘விர்’ என்பது ‘மிர்’ என ஒலித்தது. தலைமுறைகள் சென்றபின் மக்கள் ‘மிர்’ என்பதையே முழுச்சொல்லாகக் கொண்டு, தொடரின் தொடக்கத்திலும் அவ்வாறே வழங்கலாயினர். ஏட்டு ஜெர்மனில் ‘மிர்’ என்றால் ‘எனக்கு’ என்று பொருள். ஏடு மட்டுமே அறிந்தவர் ‘நாம்’ வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு’ வருவதைக் கேட்டுத் திகைப்பது இதனால்தான்.

பவேரிய வழக்கில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ‘நீ வந்தால்’ என்பதற்கு ஏட்டுத் தொடர் ‘வென் டூ கொம்ஸ்ட்’ என்பது. இதில் ‘டூ’ என்பது ‘நீ’. ‘ஸ்ட்’ என்பது வினையில் வரும் முன்னிலை விகுதி. பவேரியர் ‘வென்ஸ்ட் கும்ஸ்ட்’ என்பர். முன்னிலை விகுதி வினையோடு நில்லாமல் இணைப்பிடைச்சொல்லோடும் சேர்கிறது. ‘நீ’ என்பதற்கான சொல் தேவையற்றுப் போகிறது. இவ்விதியை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. ஆயினும் அங்குப் பிறந்த குழந்தை இதில் தவறுவதில்லை. விதி இல்லாத பேச்சு என்று இதனை எவ்வாறு கூற இயலும்?

மரூஉ இலக்கணமாதல்

தஞ்சாவூர் ‘தஞ்சை’ ஆவதையும் கோயம்புத்தூர் ‘கோவை’ ஆவதையும் மரூஉ என்று தமிழிலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. ஜெர்மனிலும் மருவி வந்த வடிவங்கள் பல இலக்கண மதிப்புப் பெற்றுள்ளன. ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல்லும் ‘டெம்’ என்னும் சுட்டும் சேர்ந்து ‘இம்’ ஆயின. ‘ட்ஸூ டெம்’ என்பது ‘ட்ஸும்’ ஆயிற்று. ‘ட்ஸூ டெர்’ என்பது ‘ட்ஸுர்’ ஆயிற்று. இன்று ‘ஜனவரியில்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘இம் யானுவார்’ என்றே சொல்ல வேண்டும். அதனைப் பிரித்து எழுதும் மாணவர்க்கு மதிப்பெண் குறையும். நேற்றுச் சுருக்கம் என்று கருதப்பட்டது இன்று விதியாகிவிட்டது.

சில இடங்களில் சுருங்கிய வடிவமும் விரிந்த வடிவமும் வெவ்வேறு பொருள் தருகின்றன. ‘ட்ஸுர் ஷூலெ’ செல்வது என்றால் பொதுவாகப் பள்ளிக்குச் செல்வது, அதாவது கல்வி கற்பது. ‘ட்ஸூ டெர் ஷூலெ’ என்று ‘டெர்’ என்பதை அழுத்திச் சொன்னால் குறிப்பிட்ட அந்தப் பள்ளிக்கட்டடத்துக்குச் செல்வது என்று பொருள்படும். சுருக்கம் இங்கே சோம்பலின் விளைவாக நிற்கவில்லை. பொருளை வேறுபடுத்தும் கருவியாகப் பயன்படுகிறது.

வாழ்த்துச் சொற்களில் சுருக்கம் எல்லை கடந்து செல்கிறது. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் முதியோர் சிலர் ஒருவரையொருவர் காணும்போது ‘ஹவெடேரெ’ என்பர். ‘தங்களைக் காணும் பெருமை பெற்றேன்’ என்னும் பணிவான தொடரே இவ்வாறு ஒரு சொல்லாயிற்று. சுவிட்சர்லாந்தில் வழங்கும் ‘க்ரூயெட்ஸி’ என்பதோ ‘இறைவன் உம்மை வாழ்த்துக’ என்னும் தொடரின் எச்சம். சொல்பவர் எவரும் இன்று அந்த முழுத்தொடரை நினைப்பதில்லை. வடிவம் தேய்ந்தது, அன்பு தேயவில்லை.

தெரிந்து தெளிவோம்

‘எனக்கு நேரம் இல்லை’ என்னும் ஒரே செய்தி ஊருக்கு ஊர் மாறி ஒலிப்பதைக் காண்க.

ஏட்டு வழக்கு: இஹ் ஹாபெ கைனெ ட்ஸைட்
பெர்லின்: இக் ஹாப் கேனெ ட்ஸைட்
மியூனிக்: ஈ ஹோப் கோஅ ட்ஸைட்
ஸ்டுட்கார்ட்: ஈ ஹான் கோய் ட்ஸைட்
சூரிச்: இஹ் ஹா கெய் ட்ஸீட்
வடகடலோரத் தாழ் ஜெர்மன்: இக் ஹெஃப் கேன் டீட்

ஆசிரியர்கள் உதவிய வரைபடம்

இவ்வேறுபாடுகள் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றன என்பதை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய முனைந்தவர் கியோர்க் வெங்கர். 1876ஆம் ஆண்டில் ரைன் ஆற்றுப் பகுதிப் பள்ளிகளுக்கு அவர் வினாத்தாள் அனுப்பத் தொடங்கினார். பின்னர் ஆய்வு நாடு முழுவதற்கும் விரிந்தது. அதில் எளிய வாக்கியங்கள் நாற்பது இருந்தன. குளிர்காலத்தில் உலர்ந்த இலைகள் காற்றில் பறப்பதைச் சொல்வது முதல் வாக்கியம். ஊர்ப்புற ஆசிரியர்கள் தம் மாணவரின் துணைகொண்டு அவ்வாக்கியங்களை ஊர் வழக்கில் எழுதித் திருப்பி அனுப்பினர். 40,000க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து விடைகள் வந்து குவிந்தன. மார்பூர்க் நகரில் அவை இன்றும் காக்கப்படுகின்றன. பதிவுக்கருவிகள் பரவாத காலத்தில் ஒரு நாட்டின் குரலைத் தாளில் பிடித்துவைத்தவர்கள் ஊர்ப்பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களுமே.

அவ்விடைகளைக் கொண்டு வரைந்த படங்களில் கோடுகள் தெரிந்தன. ‘செய்’ என்பதற்கு வடக்கே ‘மாக்கென்’ என்றும் தெற்கே ‘மாஹென்’ என்றும் ஒலிக்கும் எல்லைக்கோடு, இன்று டூசல்டார்ஃப் நகரின் பகுதியாகிய பென்ராட் என்னும் ஊரருகே ரைன் ஆற்றைக் கடக்கிறது. எனவே அது பென்ராட் கோடு எனப்படுகிறது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை தெற்கில் நிகழ்ந்த மெய்யொலித் திரிபே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அத்திரிபு வடக்கை எட்டவில்லை. மேலே கண்ட பட்டியலில் ‘ட்ஸைட்’ என்பது கடலோரத்தில் ‘டீட்’ என நிற்பதும் இதனாலேயே.

ரைன் ஆற்றங்கரையில் இக்கோடுகள் ஒன்றாக நில்லாமல் விசிறிபோல் பிரிகின்றன. ‘நான்’ என்பதற்கு ஓர் எல்லை. ‘ஊர்’ என்பதற்கு ஓர் எல்லை. ‘அது’ என்பதற்கு மற்றோர் எல்லை. கொலோன் நகரத்தார் ‘செய்’ என்பதைத் தென்னாட்டார் போலவும், ‘அது’ என்பதை வடநாட்டார் போலவும் ஒலிப்பர். இந்த ஊரோடு ஒரு வழக்கு முடிந்து அடுத்த ஊரில் மற்றொன்று தொடங்குகிறது என்று கத்தியால் வெட்டினாற்போல் கூற இயலாது என்பதை அந்த விசிறி காட்டியது.

ரொட்டியும் கடிகாரமும்

ஒலி மட்டுமன்றிச் சொல்லும் மாறுகிறது. காலை உணவுக்குரிய சிறிய ரொட்டியைப் பலரும் ‘ப்ரோட்ஹென்’ என்பர். பெர்லினில் அது ‘ஷ்ரிப்பெ’. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ‘ஸெம்மெல்’. ஸ்வேபிய நாட்டில் ‘வெக்லெ’. பழக்கூழ் நிரப்பிய இனிப்புப் பண்டம் ஒன்றை நாட்டின் பல பகுதிகளில் ‘பெர்லினர்’ என்று அழைப்பர். பெர்லின் நகரத்தாரோ அப்பெயரை வழங்குவதில்லை, ‘ஃபான்கூஹென்’ என்பர். தெற்கே அது ‘க்ராப்ஃபென்’. சனிக்கிழமைக்கே இரண்டு பெயர்கள் உண்டு. தெற்கிலும் மேற்கிலும் ‘ஸாம்ஸ்டாக்’. வடக்கிலும் கிழக்கிலும் ‘ஸொன்னாபெண்ட்’.

கடிகாரம் காட்டும் நேரத்திலும் வேறுபாடு உண்டு. இரண்டேகால் மணியை ஹாம்பூர்க் நகரத்தார் ‘இரண்டுக்குப் பின் கால்’ என்னும் பொருளில் சொல்வர். கிழக்கிலும் தெற்கின் பல பகுதிகளிலும் அதனைக் ‘கால் மூன்று’ என்பர். மூன்றாம் மணியில் கால் பங்கு கழிந்தது என்பது அதன் கணக்கு. இரண்டேமுக்கால் அவர்களுக்கு ‘முக்கால் மூன்று’. வடக்கிலிருந்து வந்த ஒருவர் இந்தக் கணக்கை அறியாவிட்டால் தொடர்வண்டியையே தவறவிட நேரும். இத்தனைக்கும் இருவரும் ஒரே மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

ஊர்ச் சொற்களைக் காக்க நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டதும் உண்டு. ஆஸ்திரியா 1995ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபோது, தன் நாட்டு உணவுப்பெயர்கள் 23 ஐச் சேர்க்கை ஆவணத்தில் இடம்பெறச் செய்தது. ஜெர்மனியில் ‘கார்டோஃபெல்’ எனப்படும் உருளைக்கிழங்கு ஆஸ்திரியாவில் ‘ஏர்டாப்ஃபெல்’, அதாவது ‘நில ஆப்பிள்’. அங்கே தக்காளிக்குப் ‘பாரடைஸர்’ என்று பெயர். உணவுத்தட்டில் உள்ள பெயரை இழக்க அந்நாட்டார் விரும்பவில்லை.

பழிப்பும் இழப்பும்

வழக்குகளைப் பழித்த வரலாறும் உண்டு. 1765ஆம் ஆண்டில், பதினாறு வயதில், ஃபிராங்ஃபர்ட் நகரிலிருந்து லைப்ஸிக் நகருக்குக் கல்வி கற்கச் சென்றார் கேதே. அக்காலத்தில் சாக்சனி நாட்டுப் பேச்சே சிறந்தது என்று மதிக்கப்பட்டது. கேதே தம் ஊர்ப் பழமொழிகளையும் சொல்வழக்குகளையும் கலந்து பேசியபோது லைப்ஸிக் நகரத்தார் அவரைத் திருத்திக்கொண்டே இருந்தனர். தம் உள்ளம் முடங்கிப்போனதைப் பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் அவர் எழுதினார். எனினும் அவர் தம் ஊர் ஒலியைக் கைவிடவில்லை. ஏட்டு ஒலிப்பின்படி இயைபு பொருந்தாத சில சொற்கள் அவருடைய கவிதையில் இயைபாக நிற்கின்றன. ஃபிராங்ஃபர்ட் ஒலிப்பில் படித்தால் அவை பொருந்திவிடும்.

ஷில்லருக்கு நேர்ந்தது அதனினும் கொடிது. அவர் ஸ்வேபிய நாட்டில் பிறந்தவர். 1782ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து தப்பி மன்ஹைம் நகருக்குச் சென்றார். தம் ‘ஃபியெஸ்கோ’ நாடகத்தை நடிகர்கள் முன் படித்துக் காட்டினார். அவருடைய ஸ்வேபிய ஒலிப்பையும் உரத்த வாசிப்பையும் பொறுக்கமாட்டாமல் கேட்டவர்கள் ஒவ்வொருவராக விலகினர். நாடக இயக்குநர் அன்றிரவு அந்தக் கையெழுத்துப்படியைத் தாமே படித்தபின்னரே அதன் சிறப்பை உணர்ந்தார். காது ஒலிப்பில் தடுக்கி நின்றதால் கலை கண்ணுக்குத் தெரியாமற்போனது. படித்துப் பார்க்க ஒருவர் இருந்ததால் ஷில்லர் பிழைத்தார். அவ்வாறு ஒருவரும் இல்லாமற்போனவர் எத்தனை பேரோ!

காலம் மாறியது. கேதேயைத் திருத்திய சாக்சனிப் பேச்சே பிற்காலத்தில் நாடெங்கும் நகைப்புக்கு உள்ளாயிற்று. இன்று ஹனோவர் வட்டாரத்தின் பேச்சே தூயது என்று பலரும் கூறுகின்றனர். அவ்வட்டாரத்தின் பழைய பேச்சு தாழ் ஜெர்மன். அங்குள்ளோர் ஏட்டு ஜெர்மனை ஏறத்தாழ அயல்மொழியைப்போல நூலிலிருந்து கற்றனர். எழுத்தைப் பார்த்து ஒலித்தனர். அதனாலேயே அவர்களுடைய ஒலிப்பு ஏட்டுக்கு மிக அருகில் அமைந்தது. ஒரு வழக்கின் உயர்வும் தாழ்வும் அதன் ஒலியில் இல்லை. காலத்தின் செல்வாக்கில் உள்ளன என்பதற்கு இவ்விரு ஊர்களும் சான்றுகள்.

தாழ் ஜெர்மனின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. ஹான்ஸா வணிகக் கூட்டமைப்பு செழித்திருந்த காலத்தில் லூபெக் முதலிய துறைமுக நகரங்களின் வணிகமும் சட்டமும் அம்மொழியில் நடைபெற்றன. கூட்டமைப்பு தளர்ந்தபோது அலுவலகமும் தேவாலயமும் பள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாக உயர் ஜெர்மனுக்கு மாறின. தாழ் ஜெர்மன் வயலுக்கும் வீட்டுக்கும் உரியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பெற்றோர் பலர், இம்மொழி பேசினால் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்குவர் என்று அஞ்சி, தம் குழந்தைகளிடம் அதனைப் பேசாமல் விட்டனர். அவர்கள் செய்தது அன்பினால் செய்தது. ஆயினும் பாட்டியின் பேச்சுப் பேத்திக்குப் புரியாத வீடுகள் அதனால் உருவாயின. 1999 முதல் ஐரோப்பிய வட்டார, சிறுபான்மை மொழிகள் சாசனத்தின்கீழ் தாழ் ஜெர்மன் காக்கப்படுகிறது. வடமாநிலங்கள் சிலவற்றில் பள்ளிப்பாடமாகவும் உள்ளது. வீட்டில் அறுந்த இழையைப் பள்ளி முடிந்துகொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் இடம்

பெற்றோரின் அச்சத்தை முழுவதும் பொய் என்று தள்ளவும் இயலாது. வழக்குமொழி மட்டுமே அறிந்து பள்ளிக்கு வரும் குழந்தை எழுத்தில் இடர்ப்படுவது உண்மை. 1970களில் ஜெர்மனியில் இது பெரிய விவாதமாயிற்று. வழக்கை அடக்குவதை விட்டு, வழக்குக்கும் ஏட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டுக் கற்பிக்கும் முறையை மொழியியலார் முன்வைத்தனர். உன் வீட்டில் இவ்வாறு சொல்கிறாய், ஏட்டில் இவ்வாறு எழுத வேண்டும் என்று கற்பிக்கும்போது குழந்தை வீட்டை இழப்பதில்லை, ஏட்டையும் அடைகிறது.

சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதி இதில் தனி வழி கண்டது. அங்கு எழுதுவதும் பாடம் நடத்துவதும் ஏட்டு ஜெர்மனில். பேசுவது சுவிஸ் ஜெர்மனில். மருத்துவரும் வங்கி மேலாளரும் பேராசிரியரும் பால்காரரும் தம் ஊர் வழக்கிலேயே உரையாடுவர். அதில் எவரும் இழிவு காண்பதில்லை. 1930களில் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டவும் சுவிஸ் மக்கள் தம் வழக்கை இறுகப் பற்றினர். 2011ஆம் ஆண்டில், மழலையர் பள்ளியில் ஊர் வழக்கே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று சூரிச் மாநில மக்கள் வாக்களித்தனர்.

அமெரிக்க மொழியியலார் சார்லஸ் ஃபெர்குசன் 1959ஆம் ஆண்டில் ‘இரட்டை வழக்கு’ என்னும் கோட்பாட்டை விளக்கியபோது, எடுத்துக்காட்டாகக் கொண்ட நான்கு மொழிச் சூழல்களுள் சுவிட்சர்லாந்தும் ஒன்று. அக்கட்டுரையிலேயே அவர் தமிழையும் இவ்வகைக்குப் பொருந்தும் மொழியாகச் சுட்டினார். எழுத்துக்கு ஒரு வழக்கும் பேச்சுக்கு ஒரு வழக்கும் கொண்டு வாழ்வதில் தமிழரும் சுவிஸ் மக்களும் ஒரே நிலையினர்.

ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்ட பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலம் 1999ஆம் ஆண்டில் தன்னை விளம்பரப்படுத்த ஒரு முழக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. ஏட்டு ஜெர்மன் பேசுவதைத் தவிர எங்களால் எல்லாம் முடியும் என்பது அதன் கருத்து. ஷில்லரின் ஒலிப்பைக் கேட்டு மன்ஹைம் நடிகர்கள் எழுந்து சென்ற காலம் போய், அதே ஒலிப்பைப் பெருமையாக அறிவிக்கும் காலம் வந்தது. இன்று மன்ஹைம் நகரும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது.

கால் என்னும் சொல்

மீண்டும் அந்த மருத்துவமனைக்குச் செல்லலாம். அம்மையாரின் வலியை மருத்துவர் உரிய நேரத்தில் கவனித்தார். தமிழ்ச் செவிலியர் அன்று முதல் சிறிய குறிப்பேடு ஒன்றைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ‘ஹேபென்’ என்றால் ஏட்டில் ‘தூக்கு’, இவ்வூரில் ‘பிடித்துக்கொள்’. ‘ஷ்ப்ரிங்கென்’ என்றால் ஏட்டில் ‘குதி’; இவ்வூரில் ‘ஓடு’. ‘லௌஃபென்’ என்றால் ஏட்டில் ‘ஓடு’ என்றும் கற்றிருந்தார். இவ்வூரில் ‘நட’ மட்டுமே. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். எந்தப் பத்தியின் மேலும் ‘பிழை’ என்று அவர் தலைப்பிடவில்லை.

‘ஃபூஸ்’ என்னும் சொல்லுக்கு எதிரே எழுத முனைந்தபோது அவர் கை சற்று நின்றது. இடுப்பிலிருந்து விரல் நுனி வரை முழுவதையும் குறிக்கும் சொல் ஒன்று தம்மிடம் பிறந்தது முதல் இருப்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஊரில் தம் தாய் மாலையில் திண்ணையில் அமர்ந்து, கால் வலிக்கிறது என்று சொல்லும்போது தொடையையும் முழங்காலையும் கெண்டைக்காலையும் பாதத்தையும் ஒருசேரத் தடவிக்கொள்வார். எந்த இடத்தில் என்று மகள் கேட்டறிய வேண்டும். அந்த இரவில் கேட்க வேண்டியிருந்ததும் அந்த ஒரு கேள்விதான்.

அவர் அந்தப் பக்கத்தில் தமிழில் ‘கால்’ என்று எழுதினார். பின்னர் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு அம்மையாரின் அறைக்குச் சென்றார். இம்முறை ஸ்வேபிய ஒலிப்பில் அச்சொல்லைச் சொல்லி, எந்த இடத்தில் வலி என்று வினவினார். அம்மையார் அவர் கையைப் பிடித்து, வலித்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வழங்கும் மரூஉப் பெயர்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றின் முழு வடிவங்களை எழுதுக.

2. உங்கள் வீட்டில் மூத்தவர் வழங்கும், ஆனால் நீங்கள் வழங்காத சொற்களைக் கேட்டறிந்து, அவற்றின் பொருளையும் பயன்படும் சூழலையும் குறிப்பிடுக.

3. ‘வட்டார வழக்கைப் பேணிக்கொண்டே எழுத்து வழக்கிலும் தேர்ச்சி பெற இயலும்’ என்னும் கருத்தைக் கட்டுரைச் செய்திகளின் துணைகொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.